யாரும் சாகாமல் கிடைத்த லீவு

எங்கள் மீன் கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் வீட்டில் யாராவது சாக வேண்டும். அது யாரும் போட்ட சட்டமல்ல, தானாக வந்த வழக்கம். காய்ச்சல் என்று சொன்னால் "மாத்திரை போட்டுட்டு வா" என்பார் மேனேஜர். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்றால் "வீட்டுக்காரனை அனுப்பு" என்பார். சாவு என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி "சரி, போயிட்டு வா" என்பார். அதற்கும் சம்பளம் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது வெட்டு மேசையில் நம் இடம் நமக்கே இருக்கும். வேறு காரணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் அங்கே இன்னொருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

அதனால் எங்கள் மேசையில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு எதிரில் நின்று இறால் உரிக்கிற வங்காளி அக்கா தன் சித்தப்பாக்களை ஒவ்வொருவராக அனுப்பிவைத்தாள். ஒரு தெலுங்குப் பெண்ணுக்கு அத்தைகள் கணக்கில்லாமல் இருந்தார்கள். ஒரு நாள் மேனேஜருக்கே பொறுக்கவில்லை.

"எந்தா இது? உங்க வீட்டிலெல்லாம் உயிரோட யாராவது பாக்கி உண்டா?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

நான் இந்தத் தீவில் பிறந்தவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். தொழில் தேடி போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி புரோத்ராபூரில் குடியிருக்கிறோம். கணவர் படகு என்ஜின் மெக்கானிக். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நான் கம்பெனிக்குப் போகத் தொடங்கினேன். காலையில் பஸ் பிடித்து இறங்கினால் கம்பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். சூரையும் இறாலும் நண்டும் ஐஸோடு ஐஸாக வந்து விழும். மத்தியானத்துக்குள் விரல்கள் நம்முடையவையாகவே இருக்காது. வீட்டுக்குப் போய் மகளின் கன்னத்தைத் தொட்டால் "அம்மா, வேண்டாம்" என்று விலகிக்கொள்வாள்.

வேலை வருஷம் முழுக்க இருக்காது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். இரண்டு மாதம் கதவு சாத்தியிருக்கும். அது முடிந்தால் மழைக்காலம். கடல் கலங்கிவிட்டால் படகுகள் வெளியே போகாது. "இன்னிக்கு மால் இல்லை, நாளைக்கு வா" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். இப்படித் துண்டு துண்டாகத்தான் எங்கள் வருஷம் இருந்தது. அந்தத் துண்டுகளுக்கும் எங்களுக்கு லீவு கிடைக்காததற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

தெரிந்தது ஒரு தடைக்காலம் முடிந்து வேலை தொடங்கிய வாரத்தில். லேபர் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். நாற்காலி கொண்டுவரப் போனவரைத் தடுத்து, கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியின் மேல் ஏறி நின்றே பேசினார். டில்லியில் பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் சேர்த்து நாலு புதுச் சட்டமாக்கி அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார். இனிமேல் எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தால்தான் சம்பளத்தோடு லீவு. இனி நூற்றெண்பது நாள் போதும். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு.

எல்லாம் இந்தியில்தான் சொன்னார். எங்கள் மேசையில் நாலு பாஷை இருந்தாலும் தீவில் எல்லாருக்கும் பொது அதுதான். லீவுக்கும் எல்லாருக்கும் ஒரே சொல்தான், ச்சுட்டி.

வங்காளி அக்கா என் காதில் மெல்லக் கேட்டாள். "இத்தனை வருஷம் நாம அந்தப் பெரிய கணக்கை ஒரு தடவையாவது எட்டியிருப்போமா?"

எட்டியிருக்க முடியாது. தடைக்காலமும் மழையும் போக மிச்சம் எவ்வளவு? நாங்கள் சோம்பி நின்று தோற்றதில்லை. மீன் முட்டையிடுவதற்காக அரசாங்கம் கடலை மூடியதில் எங்கள் லீவும் சேர்த்து மூடப்பட்டிருந்தது. அன்றுதான் அது புரிந்தது.

அப்போது கட்சால்காரி கை தூக்கினாள். அவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவில், அரசாங்க ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பம். என்னைவிடச் சின்னவள். அதிகம் பேசமாட்டாள்.

"மேடம், அந்த ச்சுட்டிக்குக் காரணம் சொல்லணுமா?"

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "ச்சுட்டி உங்க உரிமை. எப்போன்னு முன்கூட்டிச் சொல்லணும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போங்க, தூங்குங்க, உங்க இஷ்டம்."

தூங்குங்க என்றதும் மேசை முழுக்கச் சிரிப்பு பரவியது.

அதற்காக அன்றே எல்லாம் மாறிவிடவில்லை. பஜாரில் யூனியன்காரர்கள் இந்தப் புதுச் சட்டங்களை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். ஆளைக் கழற்றிவிடுவது இதில் சுலபமாகிவிடும் என்று என் கணவரிடம் ஒருவர் சொன்னாராம். இருக்கலாம். ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கொடுத்ததையாவது வாங்கிக்கொள்ள வேண்டாமா?

மேனேஜரிடம் கேட்டால் "சட்டம் வந்நு. ரூல்ஸ் வரலை" என்பார். மறுபடி கேட்டால் "ரூல்ஸ் வந்நா நோக்காம்." மழை முடிந்து சீசன் சூடுபிடித்துவிட்டது. ரூல்ஸ் வந்ததா, வரவில்லையா, யாரிடம் கேட்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த சமயத்தில்தான் கட்சால்காரியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. டிசம்பர் மாதக் கடைசியில், ஊரிலேயே. உடை மாற்றும் அறையில் அவள் கம்பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போவலையா?" என்று கேட்டேன்.

"எப்பிடிக்கா போறது? கப்பல் எந்த நாள் போகும், எந்த நாள் திரும்பும்னு யாருக்குத் தெரியும்? நாலு நாள்னு சொல்லிட்டுப் போயி பத்து நாள் கழிச்சு வந்தா இங்க வேற ஆளு நிப்பா. போன தடவை அம்மா முடியாம கெடந்தப்பவும் போவலை. அம்மாவே வேணாம்னுட்டாங்க. வேலையப் பாரு புள்ளன்னுட்டாங்க."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏளா, எந்திரி. நாளைக்கு எல்லாருமாப் போயி கேப்போம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வரும்போது மாதச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கும் அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "கேட்டா என்ன, கடல்லயா தள்ளப்போறான்? கேளு" என்றார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றோம். அவர் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்து பற்றி, என்ன ஆச்சு? எல்லாரும் சேர்ந்து யாரைக் கொன்னீங்க?"

"யாரும் சாகலை சார். அதைத்தான் சொல்ல வந்தோம்" என்றேன். "இவ தங்கச்சிக்குக் கல்யாணம். சாவுன்னு பொய் சொல்லி ஒருத்தி போயிருக்கலாம். எங்களுக்கு அது வேண்டாம். சட்டத்துல இருக்கிற ச்சுட்டியைக் கேக்கிறோம். எல்லாருக்கும்."

அவர் மோர்ச் சட்டியை ஓரமாக வைத்தார். பழைய பல்லவியையே பாடினார். ரூல்ஸ், முதலாளி, சீசன் நேரம், எக்ஸ்போர்ட் ஆர்டர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம். பிறகு வங்காளி அக்கா, அவளுக்கே உரிய நிதானத்தில், இந்தியில் கேட்டாள்.

"சார், நீங்க கடைசியா ஓணத்துக்கு வீட்டுக்குப் போனது எப்போ?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் வீடு ஆலப்புழைப் பக்கம். மகளின் கல்லூரிப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். தினமும் எங்களைத் திருப்பி அனுப்புகிற மனிதரை அதுவரை லீவு கிடைக்காத ஆள் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

"எனக்கு அந்தச் சட்டம் கிடையாது" என்றார் கடைசியில். "மேனேஜர் தொழிலாளி அல்ல."

"இல்லாட்டி என்ன சார்? எங்களுக்குக் கேக்கும்போது உங்களுக்கும் சேத்துக் கேளுங்க" என்றாள் கட்சால்காரி.

அவர் எங்களைப் போகச் சொன்னார். ஆனால் இந்தத் தடவை ரூல்ஸ் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை முதலாளி வந்தார். அவர் குடும்பம் இங்கே வெள்ளைக்காரன் ஜெயில் காலத்திலிருந்தே இருக்கிற தீவுக் குடும்பம். எங்களோடு பேசும்போது பாதி இந்தி, பாதி தமிழ். கெட்ட மனிதரல்ல, கணக்கான மனிதர். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"தேக்கோ, மேனேஜர் ஸாப் என்கிட்ட சண்டையே போட்டுட்டார். இத்தனை வருஷத்துல முதல் தடவை. சட்டம்னா சட்டம், நான் கொடுக்கிறேன். ஆனா நீங்க எல்லாரும் கிறிஸ்மஸுக்கு ஒரே நேரத்துல கிளம்பிட்டா என் மீனை யார் வெட்டுவா?"

நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு விடை எங்கள் மேசையிலேயே இருந்தது. வங்காளி அக்காவுக்கு வேண்டியது துர்கா பூஜை நேரம். தெலுங்குப் பெண்களுக்கு சங்கராந்தி. ராஞ்சியிலிருந்து வந்தவளுக்கு எந்த நாளும் சரி, கப்பல் டிக்கெட் கிடைக்கிற நாள்தான் அவளுக்குத் திருவிழா. எங்களில் மூவருக்குத்தான் கிறிஸ்மஸ், அதில் நான் விட்டுக்கொடுத்தேன். தீவில் எத்தனை ஊர்க்காரர்கள் கலந்து கிடக்கிறோம் என்பது அன்றைக்குப் பெரிய உபயோகமாயிற்று. நின்ற இடத்திலேயே முறை வைத்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் போவதில்லை என்று நாங்களே சொன்னோம். முதலாளி மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க எப்போ?"

"ஓணம்" என்றார் மேனேஜர், பட்டென்று. யோசித்தே வைத்திருந்தார்.

முதல் முறை கட்சால்காரிக்கு. புதுப் புடவைகளும், தங்கைக்கு நாங்கள் சேர்ந்து வாங்கிய ஒரு மிக்ஸியும் எடுத்துக்கொண்டு துறைமுக ஜெட்டியில் கப்பலேறினாள். என்னால் அன்று போக முடியவில்லை, வேலை இருந்தது. போனில் மட்டும் சொன்னாள், "அக்கா, என் கத்தியைப் பத்திரமா வச்சுக்கங்க." அவ்வளவு சொல்லும்போதே சைரன் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று.

கல்யாணம் நடந்தது. படங்கள் வந்தன. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற படமும் வந்தது. அதற்குப் பிறகு படமும் இல்லை, போனும் இல்லை. தெற்கே காற்றழுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கப்பல் ரத்து. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் ஷிப்பிங் ஆபீஸில் "பதா நஹி", தெரியாது என்றார்கள்.

அவள் வர வேண்டிய திங்கட்கிழமை அவள் இடம் காலியாக இருந்தது. செவ்வாயும் காலி. அதற்குள் வேலை கேட்டு ஒரு பெண் கேட்டில் வந்து நிற்பதை எல்லோரும் பார்த்தோம். அவளும் பாவம், கைக்குழந்தைக்காரி. அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கை தானாகச் செதில் சீவிக்கொண்டிருந்தது, காது முழுக்க மேனேஜர் அறைப் பக்கம்.

மேனேஜர் வெளியே வந்தார். கேட்டில் நின்ற பெண்ணிடம் பேசினார். அவளை உள்ளே கூட்டிவந்தார். ஆனால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது பேக்கிங் பகுதியில். பிறகு எங்கள் மேசைக்கு வந்து, காலியாயிருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"இது கட்சால்காரியோட இடம். கடல் மோசமானா அவள் எந்து செய்யும்? லீவுக்கு மேல போற நாளுக்குச் சம்பளம் தர முடியாது, அது முதலாளி சொல்லியாச்சு. ஆனா இடம் இருக்கும்."

தெலுங்குப் பெண் கையுறையோடு கண்ணைத் துடைத்து, உப்பும் மீனும் பட்டு இன்னும் அழுதாள்.

கட்சால்காரி அதற்கடுத்த வாரம் வந்தாள். ஜெட்டியிலிருந்து நேராக, பையும் கையுமாக, முகம் வெளிறிப்போய் கேட்டில் நின்றாள். உள்ளே வரவே பயம். நான்தான் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "ஏட்டி, பைய வச்சிட்டு ஏப்ரனை மாட்டு. சூரை மலையாக் கெடக்கு" என்றேன். அவள் மேசையைப் பார்த்தாள், காலி இடத்தைப் பார்த்தாள், பிறகு இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத சிரிப்பு ஒன்று சிரித்தாள். எல்லோருக்கும் ஊர்ப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். மேனேஜருக்குத் தனிப் பொட்டலம்.

என் முறை பிப்ரவரியில் வந்தது. மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, "காரணம்?" என்று கேட்டுவிட்டார்.

கல்யாணம் இல்லை, காய்ச்சல் இல்லை, மகளுக்குப் பரீட்சை இல்லை. இத்தனை வருஷம் காரணம் தேடியே பழகிய மனசு உள்ளே எங்கெங்கோ துழாவியது.

"சும்மா, சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். "சும்மா போயிட்டு வா" என்றார்.

சும்மா எங்கே போவது என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் வீட்டில் இருந்தேன். மகள் பள்ளிக்குப் போனதும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே. வெயில் சமையலறை ஜன்னல் வழியே வந்து தரையில் மெல்ல நகர்கிறது. எதிர்வீட்டுக் கோழிகள் எங்கள் வாசலைத் தங்களுடையதாக்கி வைத்திருக்கின்றன. பத்து மணிக்கெல்லாம் கை பரபரத்தது. சாயந்திரம் மகள் வந்து கையைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கும்மா" என்று தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கணவர்தான் சொன்னார், "உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா வடக்கே இன்னொரு தீவில், ரங்கத்தில் வாக்கப்பட்டவள். அத்தானுக்குக் கொஞ்சம் பாக்குத் தோட்டம், அவளுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. விடியுமுன் பஸ் ஏறினால் ஜிர்காடாங் செக்போஸ்டில், ஆதிவாசிகளின் காட்டுக்குள் போகும் வண்டிகள் எல்லாம் வரிசையாகச் சேர்ந்து கிளம்பும்வரை காத்திருந்து, படகில் பஸ்ஸோடு கால்வாய் கடந்து, மத்தியானம் ரங்கத்தில் இறங்கலாம். சொல்லாமல்தான் போனேன்.

அக்கா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தராசு கையிலிருந்து நழுவியது.

"ஏட்டி, யாருக்கு என்ன ஆச்சு? அம்மாவுக்கா? சொல்லித் தொலை!"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. லீவு."

"பொய் சொல்லாத. சேசுவே, நீ எதுக்கு சும்மா வருவ?"

நம்பவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கே போன் போட்டுப் பேசிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். சட்டம், மேனேஜர், கட்சால்காரி எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளத்தோடு என்றதும் மூக்கில் விரலை வைத்தாள். பிறகு தக்காளிகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டே, "எனக்கெல்லாம் யாரு குடுப்பா? கடைய மூடுனா அன்னிக்குப் பட்டினி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளைக் கடைக்குப் போக விடவில்லை. "நான் உக்காருதேன். நீ அத்தானக் கூட்டிட்டு ஆம்குஞ்ச் போயிட்டு வா" என்றேன். ரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கடற்கரை அது. வெளியூர்க்காரர்கள் கார் பிடித்து வந்து பார்க்கிறார்கள். அக்கா கல்யாணமான புதிதில் ஒருமுறை போனதோடு சரி. முதலில் திட்டினாள், பிறகு விலையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள், பிறகு நல்ல புடவை கட்டிக்கொண்டு அத்தானின் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள்.

கடையில் நான் திண்டாடினேன். வெண்டைக்காயை முருங்கைக்காய் விலைக்கு விற்றேன். ஒரு வங்காளிப் பெரியவர் பூசணிக் கீற்று வாங்கிக்கொண்டே, "கடைக்கார அம்மா எங்கே?" என்று கேட்டார்.

"ச்சுட்டியில போயிருக்காங்க" என்றேன்.

"அவங்களா?" என்று கேட்டுவிட்டு, சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு போனார்.

சாயந்திரம் அவர்கள் திரும்பினார்கள். அக்காவின் புடவை முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. அத்தானின் சட்டைப் பையில் கிளிஞ்சல்கள். அக்கா கல்லாவைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இப்படி வித்தா ஒரு வாரத்துல கடை காலி" என்றாள். பிறகு என் பக்கத்திலேயே சாக்கின் மேல் உட்கார்ந்து, அலை எவ்வளவு உயரம் வந்தது, அத்தான் எங்கே வழுக்கி விழுந்தார் என்று சொல்லத் தொடங்கினாள். மார்க்கெட்டில் விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் நிறுத்துவதாக இல்லை. எனக்கும் அவசரமில்லை. இன்னும் லீவு மிச்சமிருந்தது.